அணைந்ததாக எழுதிய கடிதம்

சிலி நாட்டின் கான்செப்சியோன்காரர்களுக்கு நிலம் ஆடுவது பழக்கம். பல நாள் ஆடாமல் கிடந்தால்தான் பயம் வரும். அடங்கிக் கிடப்பதை நம்பக் கூடாது என்று அங்கேயே பிறந்து வளர்ந்த யாஸ்னா கிந்த்ரெமானுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் ஏமாந்தாள்.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஒரே வேலை. தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை. அதற்குள் விழும் வாயு, விழுவதற்கு முன் கொதித்து எக்ஸ்ரே கக்கும். விண்ணில் சுற்றும் தொலைநோக்கி வாராவாரம் எண்ணி அனுப்பும் அந்தக் கதிர்களை ஒன்பது வருடமாகப் பார்த்துவந்தாள். ஒரு தடவையாவது அது கொழுந்துவிட்டு எரிவதைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை எண்ணிக்கை பாதாளத்துக்கு விழுந்தது. கூடவே வந்த படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அணைந்துகொண்டிருக்கிறது, இனி யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம்" என்று உலகத்து வானியலாளர்களுக்கெல்லாம் கடிதம் போட்டாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு! தொலைநோக்கிகள் ஒவ்வொன்றாக வேறு பக்கம் திரும்பின.

வியாழன் மாலைத் தேநீருக்கு ரொட்டியோடு வந்த சகா எர்னான், சும்மா இருக்காமல் படத்தைத் திறந்தான். ஒளிப்பொட்டின் நடுவில் கறுப்பாக ஓர் ஓட்டை.

"அடிப்பாவி, கருந்துளையையே போட்டோ புடிச்சுட்டியா?"

அவளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்திப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"எர்னான்... எண்ண முடியாத அளவுக்குக் கதிர் கொட்டினாலும் கேமரா திணறிப்போய் நடுவுல ஒண்ணுமே பதியாதுடா."

"அப்போ அது அணையலையா?"

"எரியுது. ஒம்போது வருஷமா காணாத மாதிரி எரியுது."

உடனே அடுத்த கடிதத்தை எழுதினாள்: நான் சொன்னது தப்பு, உடனே திரும்புங்கள். யார் திரும்ப? மறுநாளே சூரியன் அந்தத் திசைக்கு வந்துவிட்டது. இனி மூன்று மாதம் எந்த எக்ஸ்ரே தொலைநோக்கியும் அந்தப் பக்கம் பார்க்க முடியாது. அந்த மூன்று மாதமும் அங்கே என்ன நடக்கிறதோ என்ற பயம் அவளைத் தின்றது.

ஏப்ரலில் வழி திறந்தது. படத்தில் ஓட்டை இல்லை, ஒளியும் இல்லை. இப்போது நிஜமாகவே அணைந்திருந்தது. அது அணைவதை முதலில் கண்டுபிடித்தவள் நீதான் என்று எல்லாத் திக்கிலிருந்தும் வாழ்த்துகள் வந்து குவிந்தன.

"உன் முதல் கடிதம்தான் சரின்னு ஆயிடுச்சே," என்றான் எர்னான். "ரெண்டாவதை வாபஸ் வாங்கிக்க. வேலை நிரந்தரமாயிடும். யாருக்குத் தெரியப் போகுது?"

"வாங்க மாட்டேன். எனக்குத் தெரியுமே! அது கத்திக் கூப்பாடு போட்டப்போ, ஊரையே வீட்டுக்குப் போகச் சொன்னவ நான்."