பொலித்தீன் சுற்றிய பூனைப் பை

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள் நான். என் பூனை மணி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பதுளையில் மிருக வைத்தியரிடம் காட்டுவதற்காக, முதுகில் மாட்டும் பூனைப் பை ஒன்று வாங்கினேன். அதன் இரு பக்கமும் காற்றுக்கு வலை வைத்திருந்தார்கள்.

நாங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் நாங்கள் இடுப்பில் பொலித்தீன் சுற்றிக்கொண்டுதான் மலைக்குப் போவோம். அதே பழக்கத்தில் பையையும் பொலித்தீனால் மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டேன். மணி கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. தூங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

"உள்ள என்னங்க?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டார்.

"பூனைங்க."

"இப்படிக் கட்டினா எப்படிங்க மூச்சு விடும்?"

காற்று வலையையும் சேர்த்து மூடிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. முடிச்சு அவிழவில்லை, பொலித்தீனைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். பையைத் திறந்தால், மணி நாக்கு வெளியே தள்ளிக் கிடந்தது. கூப்பிட்டும் அசையவில்லை. அந்தப் பெண் ஜன்னலைத் திறந்துவிட, மணியின் முகத்தைக் காற்றுக்குக் காட்டி வாய்விட்டு அழுதேன். எவ்வளவு நேரம் போனதோ, அதன் வயிறு மெல்ல ஏறி இறங்கியது. பிறகு சன்னமாக ஒரு கத்தல்.

மணி பிழைத்துவிட்டது; வைத்தியரிடம் காட்டிய பிறகு சாப்பிடவும் தொடங்கியது. இப்போது மழையென்றால் பைக்குக் குடை பிடிக்கிறேன், பொலித்தீனை நான் போர்த்திக்கொள்கிறேன். பஸ்ஸில் மணி கத்தினால் சிலர் முகம் சுளிப்பார்கள். கத்தட்டும் என்று விட்டுவிடுகிறேன். அது சும்மா இருந்தால்தான் எனக்குப் பயம்.