இலையுதிர் கால செண்டும் என் மகனும்

இலையுதிர் காலம் எப்படி மணக்கும்? 2004இல் கேகாலை டவுனில் ஓர் அழகுசாதனக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு சிங்கள டீச்சர் என்னிடம் இதைக் கேட்டார். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. நான் பிறந்தது ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஏ.எல். என்கிற உயர்தரம் வரை படித்திருந்தாலும் அந்தப் பருவத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் கையில் எடுத்தது இலையுதிர் காலம் என்று பெயர் போட்ட செண்ட்; போத்தலில் சிவப்பு இலை வரைந்திருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. கடையிலேயே விலை கூடியது அதுதான். பதில் சொல்லாமல் நிற்கக் கூடாதே என்று, "பெப்ரவரியில நம்ம ரப்பர் மரமெல்லாம் எல செவந்து கொட்டுமே மிஸ், அந்த மாதிரி" என்றேன்.

"ஐயோ நங்கி, ரப்பர் மணமா? அதுக்குக் காசு வேற குடுக்கணுமா? எங்க வீட்டுப் பின்னால சும்மாவே அடிக்குதே!"

சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு டீச்சர் இப்படிக் கேட்டதும் கடையே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. டீச்சர் போனதும், "நீ ஒண்ணும் வெளக்க வேணாம் புள்ள. ஒங்கையில, கழுத்துல அடிச்சுக்கிட்டு நில்லு. மத்தத அது பாத்துக்கும்" என்றார்.

அப்படியே செய்தேன். அப்போதுதான் அந்த செண்ட் எனக்குப் பிடிபட்டது. மோந்து பார்க்கக் கொடுக்கும் அட்டைத் துண்டில் அடித்தால் தோடம்பழத் தோல், அதாவது ஆரஞ்சுத் தோல் மணம் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும். உடம்பில் அடித்தால் மாறிக்கொண்டே போகும். பத்து நிமிடத்தில் கறுவாப் பட்டையும் கராம்பும். ஒரு மணி நேரம் கழித்து நனைந்த விறகு, லேசான புகை, அடியில் கித்துள் கருப்பட்டி போல ஓர் இனிப்பு. அந்தக் கடைசி மணம்தான் சாயங்காலம் வரை நிற்கும். வியர்த்தால் இன்னும் ஏறும்.

அந்த மணத்தோடுதான் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். மகனுக்கு அப்போது எட்டு மாதம். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பகல் முழுக்க ஆயம்மா பார்த்துக்கொண்டார். தூக்கி மார்போடு அணைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சோப்புப் போட்டுக் குளித்தேன், சேலை மாற்றினேன். மறுபடியும் திருப்பினான்.

என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வேலை. அவர் உள்ளே வந்ததும் அவர் மேல் தாவினான்.

"பொகையில வெந்து வாறேன், எங்கிட்ட வாறான். அவ்வளவு வெல செண்டு போட்ட ஒங்கிட்ட வரமாட்டேங்கிறான் பாரு!" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மூன்று நாள் இப்படியே போனது. பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. "இப்பிடியே விட்டா வத்திரும் தங்கச்சி. அப்பறம் நெனச்சாலும் வராது" என்றார் ஆயம்மா.

நான்காம் நாள், வியாழக்கிழமை, முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"நான் இனி செண்ட் போட மாட்டேங்க முதலாளி. புள்ள பால் குடிக்க மாட்டேங்கிறான்."

"அப்ப யாவாரம்?"

"வாறவங்க கையில அடிக்கிறேன். ஒடனே வாங்கச் சொல்ல மாட்டேன். பஸாரச் சுத்திட்டு ஒரு மணி நேரத்துல வாங்கன்னு அனுப்புறேன்."

"போனவங்க திரும்பி வருவாங்களா?"

"வருவாங்க. ஒரு கிழம, ஏழே நாள் பாருங்க."

வந்தார்கள். மணிக்கட்டை மோந்துகொண்டே வந்த ஒரு நர்ஸ், "போறப்ப ஒண்ணு, வாறப்ப ஒண்ணு! என்ன மாய வேல இது?" என்று கேட்டு வாங்கிப் போனார். ஒரே செண்ட் ஒருவர் கையில் கறுவாவாக நின்றது, இன்னொருவர் கையில் விறகாக. கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அட்டையை நீட்டாதீர்கள். வாங்குபவர் கையில் அடித்து, ஒரு மணி நேரம் கொடுங்கள்.

வேலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டில்தான். செண்டை நிறுத்தியது வியாழக்கிழமை. மகன் மறுபடி பால் குடித்தது ஞாயிறு பகலில், நான் முழு நாளும் வீட்டில் இருந்தபோது. மணம் போனதால் குடித்தானா, நான் போகாததால் குடித்தானா?

இப்போது, இத்தனை வருடம் கழித்து, இரண்டாவதாக ஒரு மகள்; அவளுக்கு நான்கு மாதம். அடுத்த மாதம் திரும்பவும் கடைக்குப் போக வேண்டும். செண்ட் போட மாட்டேன், அது முடிவு. ஆனால் பகல் முழுக்க அவளை விட்டுப் போவதற்கு என்ன செய்வது? பால் குடிக்கிற பிள்ளையை விட்டு வேலைக்குப் போன அக்காமாரே, முதல் கிழமையை எப்படிக் கடத்தினீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள், இந்த மாதம் முடிவதற்குள்.