பெண் பார்க்கப் போன காற்றாடி

எனக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்குக் காரின் காற்றாடி ஓடவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்காமல் இருக்க வைத்திருப்பார்களே, அந்தக் காற்றாடி. யாருக்கும் வரக்கூடிய சங்கடம்தான். ஆனால் மாப்பிள்ளையான நான் வண்ணார்பேட்டையில் காற்றாடி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை இரண்டு தடவை என்னை வேண்டாம் என்று சொன்ன பிறகு, எனக்கு மிஞ்சிய ஒரே தகுதி அதுதான். நின்றதை ஓட வைப்பேன்.

மூன்று பெண் வீட்டாருக்கு அந்தத் தகுதி போதவில்லை. நாலாவது இடம் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் குடும்பம். போட்டோ வந்திருந்தது. அந்தப் பெண் அதில் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். போட்டோ எடுத்தவர் என்ன சொல்லியிருப்பார் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், இந்த இடம் தட்டிப்போகக் கூடாது என்று தோன்றிவிட்டது.

பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வாசல்படி ஏறிவிட வேண்டும். நாலரை தாண்டினால் பெண்ணைக் காட்ட மாட்டார்.

கார் என் பெரியப்பாவுடையது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவர், சாமி காரியத்திலும் அப்படியே. புரட்டாசியில் பெண் பார்க்கக் கூடாது என்று அவர் நிறுத்தி வைத்ததால், ஆயுத பூஜை போட்ட கையோடு கார் ஷெட்டுக்குள் போய், ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறுதான் வெளியே வந்தது. நான் ஓட்டினேன். பக்கத்தில் பெரியப்பா, பின்சீட்டில் கொண்டை நிறைய மல்லிகைப்பூவோடு அம்மா.

சேரன்மகாதேவிக்கு முன்னால் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும், நிற்கும்போதுதான் காற்றாடி வேண்டும். நின்ற ஐந்தாவது நிமிடம் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. என்ஜினை அணைத்துப் பானட்டைத் தூக்கினேன்.

“ஊர்க் காத்தாடியெல்லாம் நீ ஓட்டுதே. நம்ம காத்தாடிய ஓட்ட முடியலையோ?” என்றார் பெரியப்பா.

“கடையில கொண்டாந்து வச்சிட்டுப் போங்க. செவ்வாக்கெழம வந்து வாங்கிக்கிடலாம்” என்றேன்.

“ஏலே, வாயக் கொறச்சுட்டுக் கையப் பாரு. மணி மூணே முக்கால்” என்றாள் அம்மா பின்சீட்டிலிருந்து.

பெரியப்பா துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். கொதிக்கிற நேரத்தில் திறந்தால் பெண்ணுக்குப் பதில் அவரைத்தான் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லி இழுத்து நிறுத்தினேன். காற்றாடி இறக்கையைக் குச்சியால் தள்ளினேன். சுலபமாகச் சுற்றியது, இறுக்கம் இல்லை. டிக்கியில் கிடந்த வயரை எடுத்துப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தேன். உர்ரென்று ஓடியது. அப்படியானால் மோட்டார் நல்லது. பியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், அதுவும் நல்லது. மிச்சம் இருந்தது ரிலே. அரைத் தீப்பெட்டி அளவில் கறுப்பாக இருக்கும், காற்றாடிக்குக் கரண்டை விடுவதும் நிறுத்துவதும் அதுதான். அதைப் பிடுங்கினேன்.

அது உட்காரும் குழிக்குள் சந்தனம் இருந்தது. காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமப் பொட்டோடு, கரண்டு போகும் வழியை அடைத்துக்கொண்டு.

“பெரியப்பா, இங்கன வந்து பாருங்க. உள்ள யாரோ குடியிருக்காவ.”

அவர் குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நாந்தாம்லே வச்சேன். ஆயுத பூஜைக்கு.”

“பானட்டுல வைப்பாவ, டயருக்கு வைப்பாவ. கழத்தி உள்ள வைக்கதை இப்பத்தான் பாக்கேன்.”

“வெளிய வச்சா மழையில போயிரும். கரண்டு எங்க இருக்கு? உள்ளதான? சக்தி இருக்க எடத்துலதாம்லே வைக்கணும்.”

தாலுகா ஆபீஸ்காரர், சட்டப்படி பேசுகிறார். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குழியைச் சுரண்டப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பூஜச் சந்தனத்தச் சொரண்டுதியா? அதுவும் பொண்ணு பாக்கப் போற வழியில?”

அம்மாவும் கட்சி சேர்ந்துவிட்டாள். “வேண்டாம்லே. நல்ல காரியத்துக்குப் போறோம்.”

“அப்ப இந்தக் கேட்டுலயே கோயிலக் கட்டிருவோம். ரயில் வரும்போதெல்லாம் கூட்டம் சேரும்.”

சுரண்டாமல் ஓட வைக்க ஒரு வழிதான் இருந்தது. பேட்டரியிலிருந்து காற்றாடிக்குப் போட்ட நேர் வயரை அப்படியே முறுக்கி டேப் சுற்றினேன். இனி அது சாவியைக் கேட்காது, சூட்டைக் கேட்காது, யாரையும் கேட்காது, ஓடிக்கொண்டே இருக்கும். கேட் திறந்தது. போய்ச் சேர்ந்து, என்ஜின் ஆறியதும் வயரைப் பிடுங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு எனக்கு வராது என்பது அப்போது நினைவில்லை.

நாலு இருபத்தேழுக்குக் கல்லிடைக்குறிச்சியில் அவர்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினேன். பானட்டைத் திறக்கப் போன என்னைப் பெரியப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினார். உட்கார்ந்த பிறகு பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரியா வந்துட்டீய. இனி ஆறு மணி வரைக்கும் யாரும் வாசலத் தாண்டப்படாது. நல்ல பேச்சுப் பேசிக்கிட்டிருக்கும்போது எடையில எந்திரிச்சா விருத்தியாகாது.”

வெளியே காற்றாடி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. பொரித்த அப்பளமும் காபியும் வந்தன. அப்பளத்தைக் கடிக்கிற சத்தத்தில் கொஞ்ச நேரம் அது மறைந்தது. தட்டு காலியானதும் மறுபடி கேட்டது.

“வெளிய யாரு மிக்ஸி போட்டுருக்கா?” என்றார் பெண்ணின் அப்பா.

“அது நம்ம வண்டில ஒரு குளிர்ச்சி ஏற்பாடு” என்றார் பெரியப்பா, பைல் நகர்த்துகிற குரலில்.

அப்போதுதான் அவள் வந்தாள். போட்டோவில் இருந்த அதே முகம், ஆனால் நேராகப் பார்த்தது. உட்கார்ந்தவள் என்னிடமே கேட்டாள்.

“உங்களுக்குக் காத்தாடி ரிப்பேர்தான தொழிலு? நின்ன வண்டில ஏன் காத்தாடி ஓடுது?”

பெரியப்பா என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் அரசாங்கக் காகிதத்தைப் பார்த்த கண், அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சந்தனத்தைச் சொன்னால் சபையில் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் என் ஒரே தகுதி போகும்.

“நிறுத்தத் தெரியும். வாசலத் தாண்டப்படாதுன்னு உங்க அப்பா சொல்லிட்டாவ. ஆறு மணி வரைக்கும் அதுவும் நம்மகூட இருக்கட்டும்.”

அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். அவள் அப்பா மடிக்கவில்லை. “அண்ணாச்சி, பையனுக்கு வாய் நல்லா இருக்கு. கை எப்படி?” என்று பெரியப்பாவிடமே கேட்டுவிட்டார். பெரியப்பா அப்பளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஐந்தே காலுக்கு உர்ர் இறங்கி முர்ர் ஆனது. சொந்தமாக லோடு வண்டி இருப்பதையும், கடை கடையாக அப்பளம் கொண்டுபோய்ப் போடுவது மகள்தான் என்பதையும் அவள் அப்பா சொல்லும்போது அது முனகலாகிவிட்டது. ஐந்தே முக்காலுக்கு நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்த வீட்டில் அவ்வளவு அமைதி அதற்கு முன் இருந்திருக்காது.

“நின்னுட்டு” என்றார் அவள் அப்பா, துக்கம் விசாரிப்பவர்போல. “ஊருக்குப் போங்க, யோசிச்சுத் தகவல் சொல்லுதோம்.”

இந்தத் தகவலை நான் மூன்று வீட்டில் கேட்டிருக்கிறேன். அது வந்து சேர்ந்ததே இல்லை.

ஆறு மணிக்கு வெளியே வந்தோம். முழங்கால் வலி என்று அம்மா நேராகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாவியைத் திருகினேன். டக் என்றது, அவ்வளவுதான். பானட்டைத் திறந்து வயரைப் பிரிக்கும்போது அவள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். ரிலேயை எடுத்துக் குழியைக் காட்டினேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

“இதச் சொரண்டிருக்கலாம்லா?” என்றாள்.

“பெரியப்பா விடல. அபசகுனமாம்.”

அவள் பெரியப்பா பக்கம் திரும்பினாள். “மாமா, கோயில்ல சாமிக்குச் சாத்துன சந்தனத்த மறுநாக் காலையில எடுக்காவல்லா? எடுத்துத் தூரவா போடுதாவ? பிரசாதம்னு நமக்குத்தான குடுக்காவ?”

பெரியப்பா இதை மூன்று தடவை மனசுக்குள் படித்திருப்பார். பிறகு கையை நீட்டினார். அவள் சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குழியைச் சுரண்டி, விழுந்த சந்தனத்தை அவர் உள்ளங்கையில் கொட்டினாள். அவர் அதைத் தண்ணீரில் குழைத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். கொஞ்சம் கிரீஸும் சேர்ந்து வந்ததைச் சொல்ல எனக்கு வாய் துடித்தது. சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் அடக்கிய ஒரே வார்த்தை அது.

ரிலேயைத் திரும்பக் குழியில் செருகிப் பானட்டை மூடினேன். “வண்டியத் தள்ளணும்” என்றேன். “யாராவது உள்ள உக்காந்து ரெண்டாவது கியருல போட்டு கிளட்ச விடணும்.”

“நான் விடுதேன்” என்று அவள் ஸ்டீரிங் முன்னால் போய் உட்கார்ந்தாள். “எங்க வண்டியும் மாசத்துல பாதி நாள் இப்படித்தான்.”

பட்டு வேட்டியில் நான், சட்டை முழுக்க வேர்வையில் பெரியப்பா, நடுவில் அவள் அப்பா. மூன்று பேரும் தள்ளினோம். பத்தடியில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் புகையை எங்கள் முகத்தில் விட்டுக் கிளம்பியது. கிளம்பியது நிற்கவில்லை. நின்றால் என்ஜின் அணைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். என் அம்மாவோடு தெருமுனையில் திரும்பி மறைந்துவிட்டாள்.

ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் முன்னால் வந்தாள். அம்மா பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். “சத்தமாச் சொல்லுங்க அத்தை, கேக்கல” என்று அவள் கத்தியது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. கார் போய்விட்டது.

“அத்தையா?” என்றார் அவள் அப்பா.

இரண்டாம் சுற்றில் அம்மாவின் கொண்டையில் இருந்த மல்லிகைப்பூ அங்கே இல்லை. அவள் தலையில் இருந்தது. ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பூவைச் சரிசெய்தபடி எங்களைக் கடந்துபோனாள்.

பூ வைத்தாயிற்று என்றால் சம்பந்தம் முடிவு. தட்டு மாற்றவில்லை, நாள் பார்க்கவில்லை, பெண்ணின் தகப்பன் தெருவில் கரி அப்பிய கையோடு நிற்கிறார்.

“ஏன்வே,” என்றார் அவர், முதல் தடவையாக நேராக என்னிடம், “உங்க அம்மை என்ன பண்ணிட்டுப் போறாவ?”

“தெரியல மாமா. நிறுத்திக் கேப்போம்.”

மூன்றாம் சுற்றில் அவள் வேகத்தைக் குறைத்தாள், நிறுத்தவில்லை. அம்மா உள்ளிருந்து கதவைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டாள். “பைய ஓட்டுதேன், ஓடி வந்து ஏறுங்க” என்றாள் அவள். நானும் பெரியப்பாவும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினோம். ஏன் என்று தெரியாமல், அவள் அப்பாவும் எங்களோடு ஓடி வந்தார்.