தங்கை வீடு வரைக்கும் ஒரு சுரங்கம்

அவள் கணவன் வீடு வீடாகப் போய் இணைய இணைப்பு கொடுப்பவன். சொந்த வீட்டு ரூட்டரையும் அவனே அமைத்திருந்தான். யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பது அதில் பதிவாகும். சாப்பிட உட்கார்ந்தால் போனில் அதைத் திறந்து வாசிப்பான்.

"என்ன, மேடத்துக்கு முதுகு வலியாமே? இன்டர்நெட்டக் கேக்கறதுக்கு முன்னாடி புருஷனக் கேட்டா குறைஞ்சா போயிடுவே?"

சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஒரு வக்கீலின் பக்கத்தை அவள் பார்த்த அன்று மட்டும் சிரிக்கவில்லை. அன்று வாங்கிய அறையில் இடது காது இன்னும் இரைகிறது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. அவள் போனையும் அவன் நோண்டுவான் என்பதால், தங்கையிடம் மனம்விட்டுப் பேசக் கடை போன்தான் உண்டு. தங்கை ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள்.

"எங்க வீட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர எப்பவும் ஓடவிடறேன்க்கா. உன் லேப்டாப்புலேருந்து அதுவரைக்கும் ஒரு சுரங்கம். நீ எதப் பாத்தாலும் பூட்டுப் போட்டு இங்க வந்து, இங்கேருந்துதான் வெளிய போகும். மாமாவுக்கு ஒரு எழுத்து தெரியாது."

"எனக்கு டிவி ரிமோட்டே ததிங்கிணத்தோம்."

"ஊருக்கெல்லாம் லென்ஸ் தேய்க்கறவ, நான் சொல்ற ஒரு வரிய லேப்டாப்புல ஒழுங்கா அடிக்க மாட்டியா? சும்மா அடி!"

மூன்றாவது தடவை சுரங்கம் திறந்தது. பிரவுசரை அதன் வழியே திருப்பினாள். பிறகு பயத்தில் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே விட்டாள். விடுதி தேடியதும் அதற்குள்தான், மழை வருமா என்று பார்த்ததும் அதற்குள்தான். வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்பினாள். அந்த வாரம் முழுக்க அவன் எதையும் வாசிக்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

ஞாயிறு காலை பதில் வந்தது. அறை காலி, மாலைக்குள் உறுதி சொல்ல வேண்டும். 'வருகிறேன்' என்று அடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் அவன் குரல். லேப்டாப்பை மூடினாள்.

"மழை பாக்கல. பாட்டு கேக்கல. முதுகு வலியும் போச்சு. ஒரு வாரமா நீ எங்கயுமே போகல. ஆனா இந்தப் பொட்டி ஒரே ஒரு அட்ரஸோட விடாம பேசிக்கிட்டிருக்கு. உன் தங்கச்சி வீட்டு கனெக்‌ஷன். நான்தானே போட்டுக் குடுத்தேன்?"

அக்காவும் தங்கையும் அதைத்தான் மறந்திருந்தார்கள்.

"உள்ள என்னன்னு எனக்குத் தெரியல. தெரியவும் வேணாம். வேலைய முடிச்சுட்டு வந்து பேசிக்கறேன்."

ரூட்டரைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கினான். அவள் போனையும் எடுத்துக்கொண்டான். வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கியது.

அவள் எதைப் பார்த்தாள் என்பது கடைசிவரை அவனுக்குத் தெரியவில்லை. மறைக்கிறாள் என்பது தெரிந்துவிட்டது. கை ஓங்க அதுவே போதும். லேப்டாப்பைத் திறந்தாள். அனுப்பப்படாத 'வருகிறேன்' அப்படியே நின்றது.

செருப்பை மாட்டினாள். பைகூட எடுக்கவில்லை.

எதிர் வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் வந்ததும் முதலில் விசாரிக்கப்போவது அந்த அம்மாவிடம்தான்.

"ஞாயித்துக்கெழம அதுவுமா எங்கம்மா கெளம்பிட்டே?"

கடைக்கு என்று சொல்லியிருக்கலாம். இன்னொன்றையும் மறைக்க நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"விடுதிக்குங்க. ரூம் எடுக்கப் போறேன்."

அந்த அம்மாவின் கை துணியிலேயே நின்றுவிட்டது. இவள் ஓடத் தொடங்கினாள்.