எங்கள் குளத்து ஆரலுக்கு நானே சாட்சி

எங்கள் குளத்துக்கு ஏலம் வரும் என்று போன மாதமே இங்கே எழுதினேன். யார் கேட்டீர்கள்?

இன்று எங்கள் ஊர் மண்டபத்தில் கூட்டம். அழிந்துவரும் நாட்டு மீன்களை மீட்க ஊர்மக்களே திட்டம் போட வேண்டுமாம். மீன் ஆராய்ச்சி செய்யும் ஒரு மேடம் வந்திருந்தார். நாட்டு மீன் ஒன்றாவது மிச்சம் இருந்தால்தான் எங்கள் குளம் திட்டத்தில் சேருமாம். இல்லையென்றால் ஜிலேபி மீன் வளர்க்க ஏலத்துக்குப் போய்விடும்.

நான் எழுந்தேன்.

“ஏனுங்க மேடம், செவ்வாக்கெழமகூட ஆரல் மீனு பார்த்தனுங்க. கழுத்துல செவப்புப் பட்டை!”

அவ்வளவுதான். பனியன் கம்பெனி பேட்டர்ன் மாஸ்டர் பழனிச்சாமி துள்ளி எழுந்தார்.

“ஆமாங்க, நானும் பார்த்தனுங்க. பனியன் கழுத்துக்கு அரை இஞ்ச் ரிப் பட்டை வெச்ச மாதிரியே இருக்குமுங்க.”

சாயப்பட்டறை மணி சட்டைப்பையிலிருந்து சாய நிறங்கள் ஒட்டிய ஷேடு கார்டை உருவி மேடத்திடமே நீட்டினான்.

“செவப்பு இல்லீங்க, இந்த மெரூனுங்க.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆரலுக்குக் கழுத்தே கிடையாதுங்களே?”

“எங்கூரு ஆரலுக்கு உண்டுங்க!” என்றது மொத்த மண்டபமும்.

குளம் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. மீட்புக் குழுவுக்கு நான்தான் தலைவர். கைதட்டல் பல்லடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

இதில் ஒரே ஒரு விஷயம்தான் நானாகச் சேர்த்துச் சொன்னது. மீன்.

நாளைக் காலையில் வலை போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். உங்கள் ஊரில் ஆரல் இருந்தால் உடனே கீழே கமெண்டில் எழுதுங்கள். எந்த நிறமானாலும் பரவாயில்லை, சாயத்துக்கு இங்கே என்ன பஞ்சம்?