பேரீச்ச மரத்தில் காது வைத்த நாள்

அடிமரத்தில் காதை வைத்தால் உள்ளே ஒரு சத்தம் கேட்கும்... ஈரச் சாக்கைப் பல்லால் மெல்வது மாதிரி. ஒரு தடவை கேட்டவனுக்கு அது மறக்காது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் சவுதியில், தம்மாமில் ஒரு பூச்சிமருந்து கம்பெனியில் இருந்தேன். வீட்டுத் தோட்டங்களுக்குப் போய் மருந்து அடிப்பது வேலை. இருபத்தாறு வயது. நான் பட்டுக்கோட்டைப் பக்கம். வண்டி ஓட்டும் ஜபருல்லா காக்கா அதிராம்பட்டினம். அங்கே அண்ணனைக் 'காக்கா' என்பார்கள். எனக்கு அரபி வராது. அவர்தான் எனக்கு வாய்.

அது அக்டோபர். வேர்வையில் சட்டை நனையாமல் வெளியே நிற்க முடிந்த முதல் வாரம். அன்று போனது ஒரு வயதான சவுதிக்காரர் வீட்டுக்கு. உயரமான மதில்... கதவைத் தாண்டினால் தம்மாம் என்றே தோன்றாது. மாதுளை வெடித்துத் தொங்கியது. மல்லிகைப் பந்தல், எலுமிச்சை, பாத்திகளுக்கு நடுவே சின்ன சிமெண்ட் வாய்க்கால். பேரீச்சம்பழம் வெட்டி முடித்திருந்தார்கள். நடுவில் இருந்த இரண்டு பெரிய பேரீச்ச மரங்களுக்கு இடையே இரும்புக் குழாய் கட்டி ஊஞ்சல் போட்டிருந்தது. பெரியவரின் பேத்திகள் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஊஞ்சல் கட்டிய ஒரு மரத்தருகே போனதும் புளித்த வாடை அடித்தது. குனிந்து காதை வைத்தேன்.

எங்கள் ஊர்த் தென்னையில் கேட்ட அதே சத்தம்.

சிவப்புக் கூன்வண்டு. அதன் புழு உள்ளே இருந்து தின்றே மரத்தைக் கூடாக்கிவிடும். வெளியே ஓலை பச்சையாகத்தான் நிற்கும்... ஒரு நாள் பலமாகக் காற்றடித்தால் மொத்தமாகச் சாயும்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் கம்பெனியின் எகிப்து விவசாய இன்ஜினியரும் அன்று கூட வந்திருந்தார். பெரியவருடன் உட்கார்ந்து கஹ்வா, அதாவது அரபிக் காபி, குடித்துக்கொண்டிருந்தார். இந்த மரங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று போன மாதம் எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

மெதுவாகக் காக்காவிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நிச்சயமா தெரியுமா?"

"சத்தம் கேக்குது காக்கா."

"தம்பி, இத நான் அரபில சொல்லிட்டேன்னா திரும்ப எடுக்க முடியாது. இந்த ஆளு நம்ம ரெண்டு பேரையும் ஊருக்கு ஏத்திடுவான்."

ஊஞ்சலைப் பார்த்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் குழாய் கிறீச்சிட்டது. மேலே மரத்தின் தலை லேசாக அசைந்தது.

"சொல்லுங்க காக்கா."

சொன்னார். அவர் முடிப்பதற்குள் இன்ஜினியர் எழுந்துவிட்டார். என்னிடம் இந்தியில், "தும் ஸ்ப்ரே கரோ, பஸ்" என்றார். மருந்து அடிப்பதோடு நிறுத்திக்கொள் என்று அர்த்தம்.

பெரியவர் முதலில் செய்தது ஒன்றுதான். பேத்திகளை இறங்கி வரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, துளைத்துக் காட்டு என்று காக்கா வழியாகச் சொன்னார்.

வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்து டிரில்லை மாட்டினோம். முதல் துளை... வெள்ளை வெளேரென்று நல்ல மரத்தூள் வந்தது. இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தம்பி... வேற எடம் பாரு." காக்காவின் குரல் எனக்கு மட்டும் கேட்டது.

மதில் பக்கமாகச் சுற்றிப் போய் மண்டி போட்டேன். மறுபடி காதை வைத்தேன். என் நெஞ்சு அடிப்பதுதான் பெரிதாகக் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். முழங்கால் உயரத்தில் ஓர் இடத்தை விரலால் குறித்து டிரில்லை வைத்தேன்.

இரண்டு அங்குலம்தான். வெண்ணெயில் இறங்குவது போலக் கம்பி முழுசாக உள்ளே போய்விட்டது. இழுத்ததும் பழுப்பு நிறத்தில் கூழ் வந்தது. அதோடு பாதியாய் அறுந்த ஒரு புழு.

பெரியவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூத்த மகன் பிறந்த வாரம் வைத்த மரமாம், காக்கா சொன்னார். பிறகு பெரியவரே போய் ஊஞ்சல் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். அவர் அவிழ்த்து முடிக்கும்வரை எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் மரத்தை அறுத்தார்கள். என்னை அனுப்பவில்லை. பாதி அறுக்கும் முன்பே சாய்ந்துவிட்டதாம்... உள்ளே கையை முழங்கைவரை விடலாமாம். காக்கா வந்து சொல்லிவிட்டு, "உன்னக் காப்பாத்துனது அந்தப் புழுதான்டா" என்றார்.

இன்ஜினியர் என்னை ஊருக்கு அனுப்பவில்லை. குடோனுக்கு மாற்றினார். மிச்ச ஒன்றரை வருஷமும் டப்பா அடுக்கினேன். அந்தத் தோட்டத்தை மறுபடி பார்க்கவில்லை.

இப்போது பட்டுக்கோட்டையில் சொந்தமாக உரக்கடை. யாரும் என்னை எங்கேயும் ஏற்றி அனுப்ப முடியாது. ஆனாலும் தென்னையைக் காட்டி யாராவது கேட்டால், "பாக்கலாம்ணே, இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்" என்றுதான் வாயில் வருகிறது. மரத்தை வெட்டணும் என்று சொன்னால் அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவாரோ என்று ஒரு கணக்கு.

கையில் ஒன்றுமே இல்லாத அந்த வயதில், 'சொல்லுங்க காக்கா' என்று சட்டென்று சொல்லிவிட்டேன்... இன்றைக்கு எனக்கு அது வருமா, தெரியவில்லை.