ரெட்டியபட்டிச் சாலையில் ஒரு மூச்சு வகுப்பு

காலை ஆறரைக்கு மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ் ஏறினேன். மதுரையில் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவள் நான். அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்த காலத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது அந்தப் பயிற்சிதான். பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டேன். எம்.ரெட்டியபட்டி போகும் சாலையில் உள்ள ஒரு நூல் மில்லிலிருந்து அழைப்பு வந்திருந்தது. வேலை செய்யும் பெண்கள் அடிக்கடி மயங்கி விழுகிறார்கள், எல்லாம் மன அழுத்தம்தான் என்று மேனேஜர் போனில் சொன்னார். இரண்டு நாள் வகுப்பு.

காரியாபட்டி தாண்டியதும் மண் கறுத்துவிட்டது. விதைக்காமல் விட்ட நிலமெல்லாம் சீமைக் கருவேலம். தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள் ஆடுகள் மேய்ந்தன. ஐம்பது கிலோமீட்டர் போய் அருப்புக்கோட்டையில் இறங்கி, பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஆள் சேரும்வரை டிரைவர் பேச்சுக் கொடுத்தார்.

"மில்லுல வேலைக்கா சேரப் போறீக?"

"இல்லைங்க. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க."

"மூச்சு விடவா? அதுக்கும் ஆளு போட்டாச்சா!"

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு மில் வாசலில் இறக்கிவிட்டார்.

வகுப்பு கேண்டீனில். சுற்று வட்டாரத்துப் பெண்கள் தூக்குவாளியோடு வேகவேகமாக வந்து உட்கார்ந்தார்கள். தலைமுடியில், புருவத்தில், காதோரத்தில் பஞ்சு. முன்னால் உட்கார்ந்தவள் ஜெசிந்தா. முப்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. சோற்றை மெல்லாமல் விழுங்கினாள்.

"மெதுவா சாப்பிடும்மா" என்றேன்.

"சாப்பாட்டு நேரத்துலதான் கிளாஸுன்னு சொல்லிட்டாக டீச்சர். அரை மணிக்குள்ள ரெண்டையும் முடிக்கணும்."

எனக்கு இது தெரியாது. மேனேஜரிடம் போய்க் கேட்டேன். மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டுப் பதில் சொன்னார். "வேலை நேரத்துல மெஷினை நிறுத்த முடியாது மேடம். முதல் தடவைதானே, பார்ப்போம்."

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கிடைத்ததைச் செய்வோம் என்று தொடங்கினேன். எல்லோரையும் தரையில் படுக்கச் சொன்னேன். ஒரு கையை வயிற்றில் வைத்து, மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக விடச் சொன்னேன். முதலில் இருமல்தான் வந்தது. ஆழமாக இழுக்க இழுக்க, நெஞ்சில் படிந்திருந்த பஞ்சுத் தூசி ஒவ்வொருத்தியாகக் குலுக்கியது. பிறகு இருமல் அடங்கியது. தோள்கள் தளர்ந்தன. ஜெசிந்தாவின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது.

மணி அடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெஞ்சுல ஏறி ஒக்காந்திருந்தது எறங்கிப் போன மாதிரி இருக்கு டீச்சர். ராத்திரி படுத்தாக்கூட இப்பிடி இருந்ததில்ல."

அன்று அருப்புக்கோட்டை லாட்ஜில் அறை வாடகை அறுநூறு ரூபாய். கொசு கடித்தது, மின்விசிறி கத்தியது. ஆனாலும் சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் மில்லுக்குள் நுழைந்ததும், மெஷின் இரைச்சலுக்கு மேலே ஒரு பெண் குரல் கேட்டது. "கண்ணை மூடிக்கொள்ளுங்கள்... தோளைத் தளர விடுங்கள்... அவசரமில்லை..." என் குரல். முதல் நாள் வகுப்பை யாரோ செல்போனில் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டிருந்தார்கள்.

மேனேஜர் எழுந்து நின்று கைகூப்பினார். "பிரமாதம் மேடம். மூணு மணிக்கெல்லாம் துவண்டுபோற புள்ளைங்க, நேத்து ஷிப்டு முடிஞ்சும் நாலு மணி நேரம் சேர்த்து நின்னாங்க. ஒருத்தியும் மயங்கலை."

"அவங்களுக்கு வேண்டியது ஓய்வு சார். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க விடுங்க. இதெல்லாம் தேவைப்படாது."

"எங்கே வேணும்னாலும், நின்னுக்கிட்டுக்கூட செய்யலாம்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?"

சொல்லியிருந்தேன். எல்லோரிடமும் சொல்வதுதான் அது. வீட்டு அடுப்படியையும் ஆபீஸ் மேசையையும் நினைத்துக்கொண்டு சொன்னது. பஞ்சுப் புகைக்குள் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவளை நினைத்துச் சொன்னதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் வந்தார்கள். "இன்னிக்குப் பயிற்சி கிடையாது. நிதானமா சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டுக் கேண்டீன் கதவைச் சாத்தி, அதை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் தட்டினார். ஒருக்களித்துத் திறந்தேன்.

"என்ன மேடம், எல்லாரும் தூங்குறாக?"

"இதுதான் இன்னிக்குப் பாடம்" என்று கதவை மூடினேன்.

பத்து நிமிடம் இருக்கும். யாரும் அசையவில்லை. மணி அடித்தது. மற்றவர்கள் எழுந்து முகம் துடைத்தார்கள். ஜெசிந்தா மட்டும் எழவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரித் தூங்கினாள். பக்கத்தில் இருந்தவள் பதறினாள். "லேட்டாப் போனா அரை நாள் சம்பளத்தப் புடிச்சிருவாக டீச்சர்."

ஜெசிந்தாவின் தோளைத் தொட்டு நான்தான் எழுப்பினேன்.

விழித்தவளுக்கு எங்கே இருக்கிறோம் என்பது புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முடியை அள்ளிச் செருகிக்கொண்டே கேட்டாள். "தப்பா நெனைக்காதீக டீச்சர். அந்த ஸ்பீக்கர மட்டும் நிப்பாட்டச் சொல்லிட்டுப் போங்க. கண்ண மூடு, கண்ண மூடுங்குது. அசந்து மூடுனம்னா மெஷினு வெரல இழுத்துப்புடும்."

மேனேஜரிடம் போனேன். நிறுத்தாவிட்டால் இனி இந்த மில் பக்கம் வரமாட்டேன் என்றேன். அவர் வருத்தப்பட்டார். "இனிமே நீங்க சிரமப்பட்டு வரவேண்டாம் மேடம். அதான் பதிவு இருக்கே."

என் குரலை என்னைக் கேட்காமல் எடுத்ததற்குப் புகார் கொடுப்பேன் என்று கத்தினேன். "மேடம், மூச்சை மெதுவா விடுங்க" என்றார். கிண்டல் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். ஒலியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். அதுதான் என்னால் ஆனது.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. பருத்தி எடுத்துவிட்டு வந்த ஒரு அம்மா என்னோடு நின்றார். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் வந்தது. அருப்புக்கோட்டை வரை அந்த அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்.

மதுரையில் என் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், படுக்கச் சொன்னதும் குளிரூட்டிய அறையில் குறட்டை விட்டுத் தூங்கிவிடுவார்கள். விழித்ததும் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்பார்கள். உடம்பு கேட்கிறது, தூங்குங்கள் என்பேன். அவர்களை நான் எழுப்புவதே இல்லை.